கோயில் மாடியில் தக்காளி வற்றல்

எங்கள் ஊரில் அப்போது மொட்டை மாடி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாதா கோயிலுடையது. மற்றதெல்லாம் ஓட்டு வீடும் கூரை வீடும். ஓட்டின் மேல் பூனை நடக்கலாம், வற்றல் போட முடியாது. வாசலில் போட்டால் கோழி கிளறும். ஊர்ப் பாறையில் போட்டால் யாருடையது என்றே தெரியாத ஆடு வந்து தின்றுவிட்டுப் போகும். கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் ஆடே இருக்காது. அதனால் தை மாதம் அவரைக்காய், மாசியில் கொத்தவரங்காய், பங்குனியில் மிளகாய், சித்திரையில் மாங்காய் என்று தோட்டத்தில் விளைந்து மிஞ்சியதெல்லாம் கோயில் மாடிக்குத்தான் ஏறும். பழைய சாமியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு முழங்கால் வலி, மாடிப்படியை ஏறிட்டுப் பார்த்ததோடு சரி.

எண்பதுகளின் நடுவில் ஒரு புதுச் சாமியார் வந்தார். வாலிபர், கடற்கரைப் பக்கத்துக்காரர். வந்த வாரமே விறுவிறுவென்று மாடியேறிவிட்டார். அங்கே சிலுவையைச் சுற்றி என்னுடைய பழைய சேலை விரித்திருந்தது, சேலை நிறைய மோர்மிளகாய். அடுத்த ஞாயிறு பூசையில் எல்லோருக்கும் கிடைத்தது பாட்டு.

"ஆண்டவருடைய வீட்டு மாடி உங்க அடுப்படி இல்லம்மா. இனிமே படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவருக்கு என்ன தெரியும்? எங்கள் பக்கம் சித்திரையிலேயே கிணற்றில் தரை தெரியும். அதற்குப் பிறகு ஆடியில் மழை பிடிக்கிற வரைக்கும் தோட்டத்தில் ஒரு பச்சை இருக்காது. களி கிண்டலாம், கேழ்வரகு இருக்கிறது. அதைத் தொட்டுக்கொள்ளக் குழம்பு எதில் வைப்பது? வற்றலில்தான் வைக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிடுவது என்று நேரே அவர் பங்களாவுக்கே போனேன்.

"சாமி, மாடி சும்மாதானுங்க கெடக்குது. அங்க அடிக்கிற வெயில ஆண்டவரு என்னா பண்ணப் போறாரு?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. ஞாயிறு தவிர மற்ற நாள் போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் மாடி துடைத்தாற்போல் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மிளகாய் கூட அங்கே கிடக்கக் கூடாது. பெண்கள் எல்லோரும் சரி என்று தலையாட்டினோம். தலையாட்டுவதற்கு என்ன செலவு.

அந்தப் பங்குனியில்தான் தக்காளி கொட்டு கொட்டென்று கொட்டியது. வீட்டுக்காரர் கூடைகளை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போனார். மத்தியானம் அதே கூடைகளோடு திரும்பி வந்து நின்றார்.

"கேக்க ஆளில்ல. அவனவன் ரோட்டோரம் கொட்டிட்டுப் போறான். எனக்குக் கொட்ட மனசு வரல" என்றார்.

எனக்கும் வரவில்லை. அந்தச் செடிகளுக்கு மாசி முழுக்க மடை திருப்பிவிட்டவள் நான். அத்தனை பழத்தையும் இரண்டாக அரிந்து, உப்புத் தூவி, வெள்ளிக்கிழமை மாடியில் பரப்பினேன். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் மேல்தோல் சுருங்கியிருக்கிறது, உள்ளே இன்னும் ஈரம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று ஊர் பார்க்க வாரிக்கொண்டு வந்து வீட்டில் பரப்பினேன். விடியலில் எழுந்து மோந்தால் லேசாகப் புளித்த வாடை. ஒரு பகல் வெயில் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அத்தனையும் பூசணம் பூத்துவிடும்.

படிக்கட்டுச் சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாமியாருக்குச் சமைப்பது எல்லாம் அவர்தான்.

"அண்ணா, சாவியக் குடுங்க."

"சாமி என்னத் தொலச்சிருவாரும்மா."

"பூச வெக்கிறப்ப சாமி மாடியிலயா நிப்பாரு? கீழதான நிப்பாரு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "போன தடவ நீ குடுத்த மோர்மொளகா காரம் பத்தல" என்றார். அடுத்த தடவை கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி கொடுப்பதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். இருட்டுப் பிரிவதற்குள் பரப்பிவிட்டு இறங்கி, சாவியைத் திருப்பிக் கொடுத்து, குளித்து, தலையில் முக்காடு போட்டு, நல்ல பிள்ளையாகப் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

சாமியார் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது.

பங்குனியில், அதுவும் காலையில். கெட்ட நேரம் என்றால் இதுதான். என் கண் தானாகக் கூரைக்குப் போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுக்காரியும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எதுக்குடி மேல பார்வ?" என்று கிசுகிசுத்தாள்.

"உனக்கு எதுக்கு?" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் பெண்கள் பக்கம் முழுக்க முகத்தை மேலே தூக்கி வைத்திருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோயில்பிள்ளை அன்று விடியலில் ஒரு மோர்மிளகாயோடு நிறுத்தவில்லை. எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சாவி வாங்கி, ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமல் மாடியேறி இறங்கியிருக்கிறார்கள்.

சாமியார் பேச்சை நிறுத்தினார். "மேல என்ன இருக்கு?"

கோயில்பிள்ளை எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றப் போனார். இன்னொரு இடி. ஜன்னல் வழியே மண்வாசனை வந்தது. வெட்கம் பார்த்தால் வீட்டில் ஆடி வரைக்கும் வெறும் களிதான். எழுந்து நின்றேன்.

"தக்காளிங்க சாமி. மழ பட்டா அவ்ளோதான், எம் பொழப்பே அதுலதான் கெடக்குது. எடுத்துட்டு வந்து எவ்ளோ நேரம் வேணும்னாலும் முட்டி போடறேன்."

"எங்க வூட்டுதும் இருக்குதுங்க" என்று பின்னால் ஒரு குரல். அப்புறம் இன்னொன்று.

சாமியார் வெள்ளை அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீடத்தை விட்டு இறங்கி ஓடினார். பிரம்பு எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடிப் பார்த்தால், எங்களுக்கெல்லாம் முன்னால் மாடிப்படியில் அவர்தான் ஏறிக்கொண்டிருந்தார்.

மாடியில் கால் வைக்க இடமில்லை. ஊர்ச் சேலையெல்லாம் அங்கேதான் விரித்திருந்தது. சாமியார் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நேரே சிலுவைக்குப் பின்னால் போய், துணி மூடிய ஒரு முறத்தைத் தூக்கினார். காற்றில் துணி பறந்தது. முறம் நிறைய நெத்திலிக் கருவாடு.

ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்டதாம், நமுத்துப்போயிற்றாம், ஞாயிற்றுக்கிழமை மாடி காலியாக இருக்குமே என்று சாமி ராத்திரியே கொண்டுவந்து வைத்தாராம். கோயில்பிள்ளைதான் மூச்சிரைக்கச் சொன்னார். தவக்காலம் முடிய இன்னும் நாள் இருந்தது, அதுவரைக்கும் எங்கள் ஊரில் கவுச்சி தொட மாட்டோம். காயவைப்பது பாவமா, தின்பது மட்டும்தான் பாவமா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"நிக்காதீங்க, தூக்குங்க" என்றார் சாமியார். காது சிவந்திருந்தது. முறத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு என் சேலையின் ஒரு முனையை அவரே பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். என்னுடையதுதான் கடைசி. படியில் பாதி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அவருக்கு முதுகு நனைந்தது, தக்காளி நனையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கோயிலுக்குள்ளேயே நடைபாதையில் பரப்பினோம். சாம்பிராணி, தக்காளிப் புளிப்பு, கருவாடு மூன்றும் சேர்ந்து ஒரு வாசனை எழுந்தது. ஆண்கள் தரையைப் பார்த்தபடி தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் பீடத்துக்குப் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"பிரசங்கத்த எங்க விட்டேன்?"

ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கெழம வேல செய்யறது பாவம்னு சொல்லிக்கினு இருந்தீங்க சாமி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நடைபாதையில் என் சேலைக்குப் பக்கத்தில் கிடந்த முறத்தைப் பார்த்தார்.

"சொன்ன வரைக்கும் போதும்" என்றார். "எல்லாரும் எழுந்திரிங்க."