டீசல் பம்பு நின்ற காலை

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பிக்கப் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று மூச்சை விட்டுவிடும். அப்பா இறங்கி முன்மூடியைத் திறந்து, டீசல் குழாயிலிருந்த கைப்பம்பைப் பத்திருபது தடவை அமுக்கினால் மறுபடி உயிர் வரும். டீசல் பம்பு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று வத்தலக்குண்டு மெக்கானிக் இரண்டு முறை சொல்லிவிட்டார். சீசன் முடியட்டும் என்று அப்பாவும் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைப் பள்ளியிலிருந்து ஏற்றி வரும்போது, எங்கள் ஊரான பேத்துப்பாறை வந்து சேர்வதற்குள் வண்டி இரண்டு இடத்தில் நின்றது. "அம்மாகிட்ட சொல்லிராத பாப்பா," என்றார் அப்பா. பெரியவர்கள் ரகசியத்தில் பங்கு கிடைத்த பெருமையில் நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளனே மூன்று வீட்டு பீன்ஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்குக் கிளம்பினோம். அங்கே மாமா வீட்டில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. அம்மா ஜன்னலோரம், நான் நடுவில்.

பெருமாள்மலையைத் தாண்டி நல்ல இறக்கம். ஒரு வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க அப்பா கிளட்சை மிதித்தார். எஞ்சின் சத்தம் நின்றுபோனது. காற்று மட்டும் விர்ரென்று கேட்டது. எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது, அப்பாவின் முகத்தைப் பார்க்கும்வரை.

எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அப்பா இருக்கையைவிட்டு எழுந்து முழு உடம்பையும் பிரேக்கின் மேல் போட்டார். கியர் விழாமல் கரகரவென்று அலறியது. கீழேயிருந்து ஒரு வேன் ஹாரன் அடித்தபடி ஏறி வந்தது.

"பிடிச்சுக்கங்க!"

அம்மா என்னை மடியில் அமுக்கி மேலே கவிழ்ந்துகொண்டாள். அப்பா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை மலைப்பக்கம் இழுத்தார். பாறையில் தகரம் உரசிக்கொண்டே போனது. பக்கக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. வேன் எங்களைத் தாண்டிப் போன பிறகு நாங்கள் நின்றோம்.

அம்மா பக்கத்துக் கதவு பாறையோடு ஒட்டிக்கொண்டதால் மூவரும் அப்பாவின் பக்கமாகவே இறங்கினோம். எனக்கு அழுகை வெடித்தது. "நேத்தே ரெண்டு தடவ நின்னுச்சும்மா. அப்பாதான் சொல்லக் கூடாதுன்னாரு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சண்டை வரும் என்று காத்திருந்தேன். "சக்கரத்துக்குக் கல்லு வைங்க," என்று மட்டும் சொன்னாள்.

அப்பா கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக எஞ்சின் உறுமியது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், மெதுவாகக் கீழே இறக்கிக் கொண்டுவாருங்கள் என்கிறார். வெயில் ஏறினால் மூன்று வீட்டு பீன்ஸும் வாடிவிடும்.

"நீங்க ரெண்டு பேரும் பஸ்ல போயிருங்க. நான் ரெண்டாவது கியர்லயே எறக்கிருவேன்."

"நான் ஏறலன்னா மார்க்கெட்டுக்கு நேரமாச்சுன்னு வெரசாப் போவீங்க," என்றாள் அம்மா. "பிள்ள பஸ்ல போகட்டும்."

"சொன்னாக் கேளு."

"நான் வர்றேங்க."

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ் வந்தது. அதில் எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவர் இருந்தார். அம்மா என்னை அவரிடம் ஒப்படைத்து, அவர் காதில் ஏதோ சொன்னாள். பிறகு நடத்துநரிடம் பேனா வாங்கி ஒரு துண்டுத் தாளில் எழுதி என் கைக்குள் திணித்தாள். "மாமா நம்பர். தொலச்சிராத." என் விரல்களை மடக்கி, மடக்கிய கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னை மட்டும் கழற்றிவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம். போகிற வழியில் அவர்கள் இருவரும் புரோட்டா சாப்பிடுவார்கள் என்று உறுதியாக நம்பினேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பெரியம்மா வாங்கித் தந்த முறுக்கைத் தொடவில்லை. பெரியம்மாவோ ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து எங்கள் வண்டி ஊர்ந்து வந்தது. சட்டையெல்லாம் டீசலோடு அப்பா இறங்கினார். அம்மா இறங்கி என்னை நோக்கி ஓடி வந்தாள். நான் அந்தத் தாளைக் கசக்கி அவள் காலடியில் வீசினேன். எல்லோரும் மாமா வீட்டுக்குத்தானே போகிறோம், எனக்கு எதற்குத் தனியாக நம்பர்?

அம்மா குனிந்து அதை எடுத்தாள். பொடிப்பொடியாகக் கிழித்தாள். ஏன் அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.