கொண்டையில் பென்சில் செருகிய பெண்

எண்பதுகளில், எழுமலையில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் கேரளத்தில் ராக்கெட் செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். நெட்டையான பெண். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். பெண் பார்க்க வந்த அன்றும் மல்லிகைப் பூவுக்குள் அது இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அவள் எங்கள் தெருக்காரி என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியைக் கடித்தபடியே கேட்டார்.

“ஏம்மா, தேங்காய் உடைச்சுச் சாமி கும்பிட்டுத்தானே ராக்கெட் விடுவாக? அன்னைக்குப் பாத்து நீ வீட்டுக்குத் தூரமா இருந்தா அது எப்படி மேல போகும்? கல்யாணத்துக்கப்புறம் அந்த வேலையை விட்டுரு.”

அவள் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளோ சிரித்தாள்.

“அதுல எரியுற மருந்தைக் கலக்குறதே நாங்கதான் மாமா. நீ வீட்டுக்குத் தூரமான்னு அது ஒரு நாளும் எங்களைக் கேட்டதில்ல. நீங்கதான் கேக்குறீக.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அவள் அம்மா அழுதார். அவள் ஒரு கேசரித் தட்டைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை என் பக்கம் நகர்த்தினாள்.

“சாப்பிடுங்க அத்தை. வேலையும் பொழைச்சிருச்சு, கேசரியும் பொழைச்சிருச்சு.”

வந்த வரன் போன பிறகு இவ்வளவு ருசித்துச் சாப்பிட்டவளை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவள் இன்னொரு தட்டு கேட்டபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.