ராஜா சுரங்கத்தில் நான் போன தூரம்

சென்ற மாதம் எங்கள் ஊர் ரோட்டுப் பாலத்தடியில் ஒரு பையன் செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு நின்றான். "மக்களே, இங்கிருந்து ராமநாதபுரம் அரண்மனை வரைக்கும் ரகசியச் சுரங்கம் போகுது, உள்ள அணையா வெளக்கு எரியுது" என்று அவன் சொல்லச் சொல்ல, சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண் கலெக்டர் ஆனதுபோலப் பூரித்து நின்றார்கள். நான் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனேன்.

"தம்பி, அது சுரங்கம் இல்ல, வாய்க்கா. நாப்பது அடிகூட வராது. நான் அதுக்குள்ள போயி அந்தப் பக்கமா வெளிய வந்தவன்."

"தாத்தா, சுரங்கம்னாத்தான் பாப்பாங்க. வாய்க்கால யாரு தாத்தா பாப்பா?"

பின்னால் நின்ற ஒருவன், "பெரியவருக்குச் சக்கர கூடிப்போச்சு போல" என்றான். மெதுவாகச் சொல்வதாக அவனுக்கு நினைப்பு.

எனக்குச் சர்க்கரையும் இல்லை, புத்தித் தடுமாற்றமும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மண்டபத்தில் ஐஸ் பெட்டி தூக்கத் தொடங்கி, இன்று சொந்தமாக ஐஸ் கம்பெனி வைத்து ஏழு மீன் வண்டி ஓட்டுகிறேன். படித்தவன் எவனும் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. இஞ்சினியர்கள் கைவிட்ட மோட்டாரை நான் காது கொடுத்துக் கேட்டே கோளாறு சொல்லியிருக்கிறேன். நான் பார்த்ததை, பார்க்கவில்லை என்று என்னிடமே சொல்ல இந்த ஊருக்கு என்ன நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்? வயிறு எரிகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊரையும் மாமன் ஊரையும் பிரித்துக்கொண்டு தெற்கு வடக்காக ஒரு மேட்டு ரோடு போகும். ரோட்டுக்கு மேற்கே எங்கள் கண்மாயும் வயல்களும். கிழக்கே என் ஆத்தாவைப் பெற்ற ஊர், மாமன் வயல். எங்கள் கண்மாய் மடையிலிருந்து புறப்படும் வாய்க்கால் நேராக வந்து ரோட்டில் முட்டி நிற்கும். முட்டுகிற இடத்தில் செங்கல் வளைவு கட்டிய ஒரு பொந்து. அந்தப் பொந்தைத்தான் எங்கள் ஊர் சுரங்கம் என்றது. ராஜா அதற்குள் குதிரையில் போனாராம். பத்து வயதில் நானே குனிந்துதான் அதன் வாயில் நிற்க முடியும். குதிரை மண்டி போட்டுப் போயிருக்க வேண்டும்.

புரட்டாசி பிறந்ததும் வாய்க்கால் மராமத்து நடக்கும். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். என் அய்யாவுக்கு மூத்தவர், பெரியய்யா, அளவுகோலை எடுத்துக்கொண்டு மடையிலிருந்து நடப்பார். இந்த வீட்டுக்கு மூன்று கோல், அந்த வீட்டுக்கு நான்கு கோல் என்று அளந்துகொண்டே வருவார். பொந்து வாய் வந்ததும் கோலை ஊன்றிவிட்டுச் சூடம் கொளுத்திக் கும்பிடுவார். அதோடு மராமத்து முடிந்தது. ரோட்டுக்கு அடியில் இருக்கிற துண்டு எந்த வீட்டுக் கோலிலும் வராது. ராஜா சுரங்கத்தில் மண் வெட்ட எவனுக்குத் துணிச்சல் வரும்? வருடா வருடம் வண்டல் சேர்ந்து பொந்து அடைத்துக்கொண்டே போனது.

கிழக்கே மாமன் ஊர்க்காரர்கள், பாலத்தடி வழியாகத்தான் அந்தக் காலத்தில் தங்களுக்குத் தண்ணீர் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "அது சுரங்கம்ப்பா. ஒங்க வாய்க்கா வேற எங்கிட்டாவது இருக்கும், தேடிப் பாருங்க" என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

அந்த வருடம் கார்த்திகைக் கடைசியில் மாமன் வயலில் கதிர் வெளிவரும் சமயம். ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும், நெல் வீடு வந்துவிடும். பாயாவிட்டால் அத்தனையும் பதர். இந்தப் பக்கம் எங்கள் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் ஓடையில் விழுந்து வீணாய்க் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதில்தான் குதித்துக் குளித்தோம். அப்படி ஒரு குளியல்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியய்யா மகன் பொந்துக்கு முன்னால் நின்று வம்பிழுத்தான். "ஒங்க மாமன் ஊர்க்காரய்ங்க பூராம் தொடைநடுங்கிப் பயலுக. நீயும் அந்த ரத்தந்தான். இதுக்குள்ள காலு வைப்பியாலே?"

சட்டையைக் கழற்றி அவன் மூஞ்சியில் எறிந்துவிட்டு நுழைந்தேன். அன்றைக்கே நான் அப்படித்தான்.

பொந்துக்குள் வண்டல் மேல்வளைவுக்கு அரை முழம் குறைவாக நிறைந்து கிடந்தது. வளர்ந்த ஆள் எவனும் நுழைய முடியாது. வயிற்றால் ஊர்ந்தேன். ஆலமர வேர் முகத்தில் தடவி, தலைமயிரில் சிக்கி அறுந்து வந்தது. வௌவால் எச்ச நாற்றம். செங்கல்லில் தலையை இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். பயந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் நகரவும் இடமில்லை. கொஞ்ச தூரத்தில் பச்சையாக வெளிச்சம் தெரிந்தது. உடைமுள்ளை ஒதுக்கிக்கொண்டு தலையை நீட்டினால், எதிரே காய்ந்த வாய்க்காலில் மண்வெட்டியோடு மாமன்.

மாமன் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

"ஏலே, எங்கிட்டிருந்துடா வாரே?"

"அங்கனருந்துதான் மாமா. எங்க ஊரு வாய்க்காலருந்து."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். துண்டால் என் முகத்தைத் துடைத்தார். பிறகு அந்தத் துண்டாலேயே தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒங்க அப்பனப் பெத்த ஊரே சொல்லாதத நீ சொல்லிப்புட்ட மாப்ள" என்று என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டு வாசலில் என் ஆத்தா, முழங்காலில் சிராய்த்திருந்த ரத்தத்தைக்கூடப் பார்க்காமல், "நெசமாவாடா? அந்தப் பக்கம் வரைக்குமா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் இரண்டு ஊரும் கூடுவது என்று முடிவானது. பையன் சொல்லட்டும், சொன்னால் திறந்துவிடுகிறோம் என்று எங்கள் ஆட்களே ஒப்புக்கொண்டார்கள்.

பெரியய்யா திட்டவில்லை, அடிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கூட்டிப் போனார். புரோட்டா வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது புரோட்டாவில் சால்னாவைத் தானே ஊற்றிவிட்டுச் சொன்னார்:

"பள்ளிக்கொடத்துல நாளைக்கு ஒன்னய என்னன்னு சொல்லுவாய்ங்க, யோசிச்சியா? வாய்க்கான்னு வச்சுக்க, சாக்கடைக்குள்ள ஊந்து போன பயலும்பாய்ங்க. சுரங்கம்னு வச்சுக்க, ராஜா சுரங்கத்துக்குள்ள பத்தடி போயி உசுரோட திரும்புன ஒரே ஆம்பள நீதான். எது வேணும்னு நீயே சொல்லு."

ஒரு தடவை தண்ணீர் விட்டால் வருடா வருடம் கேட்பார்கள் என்று அவர் சால்னாக் கடைக்காரனிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சு எனக்கு எதற்கு? நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய மனிதன் பேசுகிற பேச்சா இது? அந்த ஆள் செத்து எத்தனையோ வருடமாகிறது. இன்றைக்கு என் முன்னால் வந்தாலும் அந்தப் புரோட்டாவை அவர் வாயில் திணிப்பேன்.

காலையில் கூட்டம் நிறைந்திருந்தது. என்னைக் கல்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். இரண்டு ஊரும் என் வாயைப் பார்த்தது. அதுவரை என் வாயை வாத்தியார்கூடப் பார்த்ததில்லை.

"பத்தடி போனேன்" என்றேன். பத்தடியோடு நிறுத்தியிருக்கலாம். பெரியய்யா சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். எனக்குத்தான் போதவில்லை. "கீழ படிக்கட்டு எறங்குச்சு. ரொம்பத் தூரத்துல ஒரு வெளக்கு எரிஞ்சுச்சு" என்றேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி ஓடிவந்து என் நெற்றியில் திருநீறு பூசினார். அந்தச் செல்போன் பையன் சொன்னானே, உள்ளே அணையா விளக்கு எரிகிறது என்று, அது நான் ஏற்றிய விளக்கு. அவனை நான் என்ன சொல்லி மறுப்பேன்? என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஊர்தான் இன்றைக்கு எனக்குச் சர்க்கரை என்கிறது.

மாமன் மட்டும் எழுந்தார். "மாப்ள, அப்ப எங்க பக்கம் எப்படி வந்தே?"

"பயந்துபோயி வெளிய வந்து, ரோட்டு வழியா ஓடி வந்தேன்."

"ஒன் தலையில இருந்த வேரு?"

நான் பெரியய்யாவைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "புள்ளயப் போயி மெரட்டாதப்பா" என்றார். மாமன் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு கிழக்கே நடந்தார். என் ஆத்தா பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். குலவை போடாதவள் அவள் ஒருத்திதான். வாயில் ஏதாவது புண்ணாக இருக்கும் என்று நினைத்தேன்.

மாமன் இரண்டு நாள் தனியாளாக அந்தப் பக்கத்து வாயில் மண் வெட்டினார். துணைக்கு யாரும் வரவில்லை. விளக்கு எரிகிற இடத்தில் மண்வெட்டி போட மாட்டோம் என்று அவர் ஊர்க்காரர்களே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். இந்தப் பக்கத்து வாயில் எங்கள் ஆட்கள் நான்கு பேர் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். ஒவ்வொருவரும் என்னை உட்காரவைத்து விளக்கின் கதையைக் கேட்டார்கள். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது விளக்கோடு குதிரையும் கனைத்தது. மாமன் வெட்டுகிற சத்தம் ரோட்டுக்கு அடியிலிருந்து பொத் பொத்தென்று கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் கேட்கவில்லை.

தைப்பொங்கலுக்கு மாமன் வழக்கம்போல எங்கள் வீட்டுக்குச் சீர் கொண்டுவந்தார். கரும்பு இருந்தது, மஞ்சள் கொத்து இருந்தது, வெல்லம் இருந்தது. பச்சரிசி மட்டும் வேறு மாதிரி. ஒவ்வொரு வருடமும் தன் வயலில் முதலில் அறுத்த நெல்லைக் குத்திப் புத்தரிசியாகத்தான் கொண்டுவருவார். அந்த வருடம் கடைப் பையில் வந்தது. நான் பையைத் தூக்கிக் காட்டி, "மாமா இந்த வருசம் கடை அரிசி கொண்டாந்திருக்காரு" என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெரியய்யா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமன் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

ஆத்தா அந்த அரிசியை நான்கு தடவை களைந்தாள். பொங்கல் பொங்கியது. எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் இலை போட்டு நிறைய வைத்தாள். நெய் மணக்க மணக்கத் தின்றேன். கடை அரிசி என்றாலும் ருசியாகத்தான் இருந்தது. இன்னும் வேண்டும் என்றேன், வைத்தாள். மறுபடியும் கேட்டேன், வைத்தாள். அடியில் பிடித்ததையும் சுரண்டி வைத்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள். அவளுக்கு மிச்சம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பொங்கலன்றுகூட இவளுக்குப் பசிக்காதா என்று நினைத்துக்கொண்டு கை கழுவ எழுந்துபோனேன்.