ஐந்து நாள் மருந்துத் தண்ணீர்

ஆரஞ்சு வாசனை வந்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. காய்ச்சல் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தில் போட்டிருப்பார்களே, அந்த ஆரஞ்சு. என் மகளுக்கு நான்கு வயதாகும்வரை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அது எப்போதும் பாதி பாட்டிலாக நின்றுகொண்டிருந்தது.

நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவே எங்கள் கோழிப்பண்ணை. முட்டைக்கோழி. புதுக் குஞ்சுகள் வந்து இறங்கினால் முதல் ஐந்து நாள் தண்ணீரில் ஆன்டிபயாடிக் பொடி கலந்து கொடுப்பது வழக்கம். நோய் எதுவும் வந்திருக்காது. வந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே கொடுப்பதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கலக்குவது என் வேலை. நீல வாளியில் பொடியைக் கொட்டி, முழங்கைவரை கையை விட்டுக் கலக்கித் தொட்டியில் ஊற்றுவேன். மகள் பக்கத்தில் நின்று நுரையை அள்ளி விளையாடுவாள். ஐந்து நாளில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்த அன்றும் கலக்கி ஊற்றிவிட்டுத்தான் போனேன்.

குஞ்சுக்கு அவ்வளவு சிரத்தை காட்டியவள் பெற்ற பிள்ளைக்கு என்ன செய்தேன்? அவளுக்குச் சளி பிடித்தால் எங்கள் வீட்டுக்காரர் மெடிக்கலுக்குப் போய், "போன தடவ குடுத்தீங்களே, அதையே குடுங்க" என்று வாங்கி வருவார். இரண்டு நாளில் காய்ச்சல் விடும். சரியாகிவிட்டதே, எதற்கு மேலும் ஊற்றி வயிற்றைக் கெடுப்பது என்று நானே நிறுத்திவிடுவேன். மீதி ஃபிரிட்ஜுக்குப் போகும். இரண்டு மாதம் கழித்து அடுத்த சளிக்கு, அடியில் சேறாகப் படிந்திருந்ததைக் குலுக்கி, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவேன். ஒருமுறை துப்பிவிட்டாள். துப்பியதற்கு முதுகில் ஒன்று வைத்தேன். இன்று நினைத்தால் என் மூஞ்சியிலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன சித்திரையில், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாள். காய்ச்சலும் வந்தது. வழக்கம்போல பாட்டிலைத் திறந்து இரண்டு நாள் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் உடம்பு தூக்கிப் போட்டது. நாமக்கல்லில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டரம்மா சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஊசி போட்டார். இரண்டு நாள் போட்டும் காய்ச்சல் அசையவில்லை. பிள்ளை கண்ணைத் திறக்காமல் முனகிக்கொண்டே கிடந்தாள்.

அப்புறம்தான் ரிசல்ட் வந்தது. ஒரு தாள் நிறைய மருந்துகளின் பெயர்கள். பெரும்பாலானவற்றுக்கு எதிரே ஒரே எழுத்து.

"இந்த எழுத்து இருந்தா, அந்த மருந்து இந்தக் கிருமிய ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார் டாக்டரம்மா.

ஆரஞ்சு மருந்து முதல் வரியிலேயே இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். கொஞ்சம் கீழே இருந்த ஒரு பெயரில் என் விரல் நின்றது. எங்கள் பொடிப் பாக்கெட்டில் இருப்பதைப் போன்ற பெயர். கேட்டேன். இரண்டும் ஒரே வகை மருந்துதான் என்றார்.

"இத எப்பவாச்சும் கொழந்தைக்குக் குடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. இது நாங்க கோழிக்குக் குடுக்கறதுங்க."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப இந்தக் கிருமி எங்க பண்ணையில இருந்து வந்ததுங்களா?"

"மருந்துக்குப் பழகிப்போன கிருமி, எங்கிருந்து வந்துச்சுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. தண்ணியில, கையில, எங்க வேணா இருந்திருக்கலாம். இந்தத் தாள்ல வேலை செய்யற மருந்து ரெண்டே ரெண்டுதான் மிச்சம். அதுல ஒண்ண இன்னைக்கு ஆரம்பிக்கறோம்."

அவரால் சொல்ல முடியாது, சரி. என்னால் சொல்ல முடிந்தது. அன்று அந்த ஆஸ்பத்திரிக் குழாயில் எத்தனை முறை கை கழுவினேனோ தெரியாது. சோப்புத் தீர்ந்ததுதான் மிச்சம், அருவருப்புத் தீரவில்லை.

பத்து நாள் ஊசி. நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி, அவள் கை இரண்டும் புதுப் பன் போல வீங்கிப்போயின. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியபோது எங்கள் வீட்டுக்காரர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். அனுப்பும்போது டாக்டரம்மா, கிட்னிக்குப் பாதிப்பில்லை, ஆனால் இந்தத் தொந்தரவு மறுபடியும் வரலாம், வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கூட்டிவாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜ் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். பெரிதாக எதையோ சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அடுத்த வாரம் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கின. எங்கள் வீட்டுக்காரர் பொடிப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏனுங்க, அந்தத் தாளப் படிச்சீங்கல்ல? இந்தத் தடவ வேண்டாமுங்க."

"படிச்சேன். ஊருல அத்தன பண்ணைக்காரனும் குடுக்கறான். நாம மட்டும் உட்டுட்டு, குஞ்சு கொத்துக் கொத்தாச் செத்தா என்ன பண்றது? இந்த ஒரு பேட்ச் மட்டும், அம்மிணி."

அவரைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டுத் தீவன மூட்டை இறக்கப் போய்விட்டார். வாளிக்குப் பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றேன். யாரும் என் கையைப் பிடித்து வாளிக்குள் விடவில்லை. பாக்கெட்டைக் கிழித்தேன், கொட்டினேன், முழங்கைவரை விட்டுக் கலக்கினேன். ஐந்து நாளும் கலக்கினேன், ஒரு நாள் தவறாமல்.

கடைசி நாள் தொட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பினால், ஷெட் வாசலில் மகள் நிற்கிறாள். ஊசி குத்திய இடங்கள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன.

"அம்மா, குஞ்சு பாக்க நானும் வாரேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ."

"ஊட்டுக்குப் போ சாமி" என்றேன். அவள் போகாமல் கையை நீட்டியபடியே நின்றாள். நான் ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.