ஒரே ஒரு கயிற்றுத் தடம்

ராயபுரத்தில் ஒரு பழைய ஆவணக் கிடங்கில் காகிதக் கட்டுகளை எடுத்துத் தருபவர் அவர். காக்கிச் சட்டை, காதோரம் நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி, தூசியில் வெளுத்த புருவம். எந்தக் கட்டைக் கொண்டுவந்தாலும், அதன் கயிற்றைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

வெள்ளைக்காரர் காலத்து ஆளுநர் அலுவலகத்தின் வரலாற்றைப் பதினொரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். கரையைவிட்டு எங்களை விரட்டாதீர்கள் என்று இந்தப் பகுதிப் படகுக்காரர்கள் கொடுத்த மனுவை அன்று கேட்டு வாங்கினேன். மேலட்டையில் ஆளுநரே எழுதியிருந்த குறிப்பை, கட்டை எடுத்துவந்தவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்: "முழுதும் படித்தேன். மறுக்கிறேன்." ஆளுநர் எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார் என்று ஓர் அத்தியாயமே அதற்குள் என் தலையில் தயாராகிவிட்டது.

கயிற்றை அவிழ்த்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"படிச்சானா? இத்த எவனும் பிரிக்கவே இல்ல சார். பிரிச்சி மறுபடி கட்டியிருந்தா கயித்துத் தடம் ரெண்டு இருக்கும். ஒண்ணுதான் கீது பாரு. நீதான் மொத ஆளு."

பார்த்தேன். பழுத்த காகிதத்தில் ஒரே ஒரு வெளிர்கோடு. வயிறு எரிந்தது. இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர், என் பதினொரு வருடத்தை ஒரு விரலால் தாண்டிப் போய்விட்டார்.

புத்தகம் வந்துவிட்டது. அந்தத் தடத்தைப் பற்றிய வரியைத்தான் எல்லோரும் மெச்சுகிறார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், பல வருட உழைப்பு என்கிறேன்.

அவர் பெயர் புத்தகத்தில் எங்கும் இல்லை. போடவேண்டி வந்துவிடுமே என்றுதான், அன்று பெயரைக் கேட்காமலே கிளம்பினேன்.