நிலாவுக்குப் போர்டு எழுதியவன்

போர்டு எழுதும் தொழிலில் எழுதுகிறவனுக்கு ஒரு நாள் வேலை, அதைப் பார்த்துக் குறை சொல்கிறவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை. தூரிகை பிடித்துத் திட்டு வாங்கிய சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போகிறேன்!

வந்த வேலை

ரஷ்யாக்காரன் நிலாவின் முதுகுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துவிட்டான் என்று அட்டன் கடைத்தெருவே பேசிக்கொண்டிருந்த சமயம். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் ஆளுயரப் பலகை ஒன்றையும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்து என் கடையில் வைத்தார். பலகையில் நிலாப் படம் வரைந்து, கடல், மலை, பள்ளம் எல்லாவற்றுக்கும் உரிய பெயரைத் தமிழில் எழுத வேண்டும். கல்வி அதிகாரி வந்து பார்த்து மெச்சினால் வரைதல் வாத்தியார் வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்வாராம். தவறு இருந்தால் அந்தப் பேச்சே கிடையாது.

நான் தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன். நிலாவில் முயல் இருப்பதாகத்தான் எனக்குத் தெரியும். முயலை எங்கே வரைவது என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னார்: "நீ புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்காத தம்பி. புத்தகத்துல இருக்கிறத மட்டும் எழுது."

மழைக்கடல்

அன்றைக்கு ஆறாவது நாளாக விடாத மழை. தேயிலை லொறி டிரைவர் ஒருவர் கடைக்குள் ஒதுங்கி, பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். மழைக்கடல், மேகக்கடல், அமுதக்கடல். அங்கே தண்ணீரும் இல்லை, மழையும் இல்லை, அந்தக் காலத்தில் யாரோ ஒரு பாதிரியார் வைத்த பெயர்கள் என்று விளக்கினேன். மலைகளுக்கு மட்டும் ஐரோப்பாவில் இருக்கிற மலைகளின் பெயர்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மழை பூரா நம்ம தலையில, பேரு மட்டும் அங்கயா? அதுல மலைக்கெல்லாம் சீமைப் பேரு வேற! ஏன்டாப்பா, நிலாவுக்கும் தொரை வந்துட்டானா?"

கங்காணியாரின் பள்ளம்

பலகை வாங்கிக் கொடுத்தவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் வேலு கங்காணியார். அந்த உரிமையில் வந்து, இருப்பதிலேயே பெரிய பள்ளத்தின்மேல் விரலை வைத்து, "இதுக்கு நம்ம பேரப் போடு" என்றார். ஈரப் பெயின்ட் விரலில் ஒட்டிக்கொண்டது.

பள்ளங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர்தான் வைப்பார்கள், அதையும் உலகத்து வானியல்காரர்கள் சங்கமாகக் கூடி ஒத்துக்கொள்ள வேண்டும் என்றேன். "சங்கத்துல நான் பேசிக்கிறேன்" என்றார். கடைசி விதியையும் சொல்ல வேண்டியதாயிற்று: உயிரோடு இருப்பவர்களுக்குக் கிடையாது, செத்தவர்களுக்கு மட்டும்தான்.

கங்காணியார் விரலை என் துண்டில் துடைத்தார். "அப்ப இருக்கட்டும்பா. அவசரமில்ல."

செல்லம்மா அக்காவின் தகரம்

கொழுந்து எடுக்கும் செல்லம்மா அக்கா ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது தடவையாக வந்தார். அவர் புருஷன் மாரிமுத்து முப்பது வருஷம் தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டி, அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே விழுந்து செத்தவர். குழிமேட்டில் நடுவதற்கு நான்தான் பெயர் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும் மழை கழுவிவிட்டது. பெயின்டில் அதை நீர்க்கவைக்கும் டர்ப்பன்டைனைக் கூடுதலாகக் கலந்த பாவம் என்னுடையது. அக்காவின் மகள் அந்தத் தலைமை ஆசிரியரிடம்தான் படித்தாள்.

நான் மறுபடி எழுதிய பெயர் காயும்வரை நிலாப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பேரெல்லாம் என்று கேட்டார். செத்துப்போன பெரியவர்கள் என்றேன். அங்கே மழை பெய்யுமா என்று கேட்டார். பெய்யாது என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப இந்த மனுசன் பேரையும் அங்கயே எழுதிவிடேன் தம்பி. இங்க நிக்க மாட்டேங்குது."

அதிகாரி வந்த நாள்

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஓரத்தில் பெயரில்லாத சின்னப் பள்ளம் ஒன்று கிடந்தது. மெல்லிய தூரிகையால், டர்ப்பன்டைன் ஒரு சொட்டும் கலக்காமல், 'மாரிமுத்து' என்று எழுதிவிட்டேன். வாத்தியார் வேலை அத்தோடு போனது என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

யாழ்ப்பாணத்துக்காரரான கல்வி அதிகாரி புத்தகத்தையும் பலகையையும் ஒவ்வொரு பெயராக ஒத்துப் பார்த்தார். ஓரத்துக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "இது ஆர் மாரிமுத்து? விஞ்ஞானியோ?"

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார். "தேயிலை ஆராய்ச்சிங்க ஐயா. முப்பது வருஷம் செடிக்குப் பக்கத்துலயே நின்னு பண்ணினாரு."

"அப்ப புத்தகத்திலை ஏன் காணேல்லை?"

"புத்தகம் பழசுங்க ஐயா."

அடுத்த மாதமே எனக்கு வரைதல் வாத்தியார் வேலை கிடைத்தது. நிலாவில் பெயர் வாங்க ஒருவர் விஞ்ஞானியாக இருக்க வேண்டும், செத்திருக்க வேண்டும், சங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறது புத்தகம். முகம் மாறாமல் பொய் சொல்லும் தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தால் மூன்றில் ஒன்றே போதும் என்பது என் அனுபவம்.