அந்தமானுக்குப் பெயர் கொடுத்தவன்

மாசானத்துக்குச் சந்தேகம் என்பது போட்டிருக்கும் சட்டை மாதிரி; குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவான். டீ கொதிக்கக் கொதிக்க வந்தால், "பழசைச் சுட வச்சுக் குடுக்கான்" என்பான். ஆறி வந்தால், "காலையிலயே போட்டது" என்பான். சுங்குவார்சத்திரத்தில் அவனுக்கு நிம்மதியாக டீ கொடுக்க ஒரு கடைக்காரராலும் முடிந்ததில்லை.

ஆனால் பாவம், அந்தச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. ஒரகடத்தில் முன்பு வேலை பார்த்த இரண்டு கம்பெனிகளிலும், பயிற்சிக்காலம் முடியப்போகிற நேரமாகப் பார்த்து, "கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாப்பா" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தால் புது கார்டு, புது நம்பர், பயிற்சி மறுபடி முதலிலிருந்து. இதற்கு ‘பிரேக்’ என்று பெயர். பிரேக் விழுந்துகொண்டே இருந்தால் ஆயுசுக்கும் பெர்மனென்ட் ஆக முடியாது. இப்போது மூன்றாவது கம்பெனி, மண்ணூர்ப் பக்கம், காருக்கு ஒயர் கட்டுகிற வேலை. தை பிறந்தால் பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனால்தான் மகள் காந்திமதியைத் தருவேன் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த மார்கழியில்தான் சூப்பர்வைசர் ரகுபதி கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"பெஸ்ட் லைன் அவார்டு நமக்குதான்பா! கம்பெனி செலவுல அந்தமான். கப்பல்ல!"

லைனில் ஒயர் கட்டுகிற அத்தனை பேரும் விசிலடித்தார்கள். மாசானம் மட்டும் விசிலடிக்கவில்லை.

"எத்தன நாளு சார்?"

"போவ வர ரெண்டு வாரம்."

அடேங்கப்பா, இரண்டு வாரமா! பிரேக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தான். இருந்தாலும் பெயர் மட்டும் கொடுத்து வைத்தான்.

அறையில் திட்டம் தூள் பறந்தது. கூடத் தங்கியிருந்த பேச்சிராஜும் அதே லைன்தான். அரை டிராயர் வாங்கியாயிற்று, கப்பலில் வாந்தி வந்தால் மோந்து பார்க்க எலுமிச்சம்பழமும் வாங்கியாயிற்று.

"அடியில கண்ணாடி வச்ச படகாம்லே! உக்காந்த எடத்துலயே பவளப்பாறையைப் பாக்கலாமாம்" என்றான் பேச்சிராஜ்.

"தூத்துக்குடிப் பக்கம் அதைச் சூளையில போட்டுச் சுண்ணாம்பா எரிச்சாவ. அதைப் பாக்கவால கப்பலேறிப் போணும்?"

"மழைக்காடு இருக்குலே. வெயிலே தரையில விழாதாம்."

"அட்டை விழும்."

பேச்சிராஜ் தலையில் அடித்துக்கொண்டான். உள்ளுக்குள் மாசானத்துக்கும் ஆசைதான். அந்த நீலத் தண்ணீரைக் காந்திமதிக்குப் போட்டோ பிடித்துக் காட்ட வேண்டுமென்று யாருக்கும் தெரியாமல் பிலிம் ரோல்கூட வாங்கி வைத்திருந்தான்.

ஆனால் ரகுபதி விடாமல் வற்புறுத்தியதுதான் அவனைக் கெடுத்தது. கேன்டீனில் தனியாக மடக்கி, "மாசானம், கண்டிப்பா வந்துடுபா" என்றார். மறுநாளும் வந்து தோளில் கை போட்டார்.

"எதுக்கு சார் இவ்ளோ தூரம் சொல்லுதீய?"

ரகுபதி சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னா ஏதுன்னு கேக்காத. நீ வா, அவ்ளோதான்."

தோளில் கை போடுகிறவன் எதற்குப் போடுவான் என்று மாசானத்துக்குத் தெரியாதா? ஏற்கெனவே ஊருக்கு அனுப்பிய இரண்டு பேரும் இப்படித்தான் போட்டார்கள். போவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டான்.

துறைமுகத்துக்குப் போகிற வேன் அறை வாசலில் வந்து நின்றபோது, வயிற்றுவலி என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். பேச்சிராஜ் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனான். மறுநாள் காலை மாசானம் குளித்து, யூனிஃபார்மை இஸ்திரி போட்டு, முதல் ஷிப்டுக்கு எல்லாருக்கும் முன்னால் கேட்டில் போய் நின்றான். என்னையா ஏமாற்றப் பார்த்தீர்கள் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

வாட்ச்மேன் அப்பாவு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இன்னாபா இங்க கீற? ஒங்க லைன மூடியாச்சே. புது மிஷின் எறக்கறாங்க."

"அப்ப எனக்கு?"

"டூர் போனவனுக்கு டூட்டிக் கணக்கு. போவாதவனுக்கு பிரேக். லைன் மூடற நாளாப் பாத்து டூரை வெச்சதே ரகுபதி சார்தான். ஒங்களுக்கு பிரேக் வுழக்கூடாதுன்னு ஆபீஸ்ல மல்லுக்கு நின்னாரு. வெளிய தெரிஞ்சா மத்த லைனுங்க சண்டைக்கு வரும்னு மூச்சு வுடல. ஒன்னாண்டகூட சொல்லலியா?"

 ரகுபதி கை போட்ட தோளை மாசானத்தின் கை தானாகத் தடவியது.

"கார்டைக் குடுத்துட்டுப் போபா. திரும்பி வர்றப்போ புதுசு குடுப்பாங்க."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

"அண்ணே, கப்பல் கெளம்பியிருக்குமா?"

"நேத்தே கெளம்பிடுச்சேபா" என்றார் அப்பாவு.